தண்டுவட நீரில் நரம்புக் கடத்திகள்: பார்க்கின்சன், அல்சைமர், ஏ.எல்.எஸ். நோய்களில் அந்த எண்கள் சொல்வதும் சொல்லாததும்

நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வேதிப்பொருள்களே டோபமைன் போன்ற நரம்புக் கடத்திகள்; தண்டுவட நீர் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஓடும் நீர். நோயாளிகளின் வீட்டாரும், ஆய்வகத்துக்கும் நரம்பியல் வார்டுக்கும் புதிதாக வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. முழுவதும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கேள்வியைத் தேடிப் படித்தால் போதும். மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருந்துகள் பற்றிய பகுதியைத் தவறவிட வேண்டாம்.

தண்டுவட நீரில் டோபமைன் பார்த்தால் பார்க்கின்சன் நோய் இருக்கிறதா என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. நோயாளிகள் பலரின் சராசரியை எடுத்து, அதே வயதுள்ள ஆரோக்கியமானவர்களின் சராசரியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஆனால் ஒரே ஒருவரின் அளவைக் கையில் வைத்துக்கொண்டு இவர் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. இரண்டு குழுக்களின் அளவுகளும் பெரும்பகுதி ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. பார்க்கின்சன் நோயை இன்றும் நரம்பியல் மருத்துவர் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத்தான் உறுதி செய்கிறார்: அசைவில் மந்தம், அதோடு விறைப்போ ஓய்வு நிலை நடுக்கமோ, லீவோடோபாவுக்கு (மூளையில் டோபமைனாக மாறும் மருந்து) கிடைக்கும் பலன்.

மூளையில் டோபமைன் குறைகிறது என்பது நிச்சயம்தானே?

நிச்சயம். 1960-ல் வியன்னாவில் ஹெர்பர்ட் ஏரிங்கரும் ஓலே ஹார்னிகீவிச்சும் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து, பார்க்கின்சன் நோயாளிகளின் மூளை ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்தும் ஸ்ட்ரியேட்டம் பகுதியில் டோபமைன் பெருமளவு காணாமல் போயிருப்பதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஹார்னிகீவிச், வால்டர் பிர்க்மாயருடன் சேர்ந்து நோயாளிகளுக்கு லீவோடோபாவை இரத்த நாளம் வழியே கொடுத்துப் பார்த்தார். 1960-ல் அளந்தது மூளைத் திசுவை. உயிரோடு இருப்பவரின் மூளையிலிருந்து அப்படித் துண்டு எடுக்க முடியாது என்பதால்தான், மூளையைத் தொட்டுக்கொண்டு ஓடும் நீரின் பக்கம் கவனம் திரும்பியது.

அறிக்கையில் டோபமைன் என்றே இல்லையே, எச்.வி.ஏ. என்று போட்டிருக்கிறதே?

டோபமைன் வேலையை முடித்ததும் உடைக்கப்படுகிறது. எம்.ஏ.ஓ. என்ற நொதி அதை டோபாக் ஆக்கும், சி.ஓ.எம்.டி. என்ற நொதி அதை ஹோமோவனிலிக் அமிலமாக, அதாவது எச்.வி.ஏ. ஆக மாற்றும். தண்டுவட நீருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கழிவுதான். டோபமைனாகவே வருவது லிட்டருக்கு ஒரு நானோமோலை எட்டுவதே அரிது, எச்.வி.ஏ. நூற்றுக்கணக்கில் இருக்கும். செரோடோனினுக்கு 5-எச்.ஐ.ஏ.ஏ., நார்அட்ரினலினுக்கு எம்.எச்.பி.ஜி. என்பவையும் இதே வகைக் கழிவுகள்.

பின்கட்டு வாய்க்காலில் ஓடும் கழுநீரைப் பார்த்து உள்ளே என்ன சமையல், எத்தனை பேருக்கு என்று ஊகிப்பது போன்றது இந்த அளவீடு. ஏதோ தெரியும். எவ்வளவு சமைத்தார்கள், எவ்வளவு வீணானது, வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்பதையெல்லாம் அந்த நீர் பிரித்துச் சொல்லாது.

பெரியவர்களுக்கு இயல்பான அளவு எவ்வளவு?

ஒவ்வொரு ஆய்வகமும் தன் கருவிக்கும் எடுக்கும் முறைக்கும் ஏற்றபடி வைத்திருக்கும் வரம்பைத்தான் பார்க்க வேண்டும். தோராயமாக, இடுப்புப் பகுதியில் எடுத்த நீரில் எச்.வி.ஏ. லிட்டருக்கு 150 முதல் 300 நானோமோலைச் சுற்றியும், 5-எச்.ஐ.ஏ.ஏ. 100 நானோமோலைச் சுற்றியும் இருக்கும். கைக்குழந்தைகளுக்கு இரண்டுமே பல மடங்கு அதிகம். வயது ஏற ஏறக் குறையும். குழந்தைகளுக்கான வரம்பைப் பெரியவர் அறிக்கையோடு ஒப்பிட்டு "குறைவு" என்று பயந்துபோவது அடிக்கடி நடக்கிறது.

அலகையும் பாருங்கள். சில அறிக்கைகள் மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று தரும். எச்.வி.ஏ.-வின் மூலக்கூறு எடை 182. ஆகவே லிட்டருக்கு 200 நானோமோல் என்பது மில்லிலிட்டருக்குச் சுமார் 36 நானோகிராம். 5-எச்.ஐ.ஏ.ஏ.-வின் எடை 191. 100 நானோமோல் என்றால் 19 நானோகிராம். இரண்டு வெவ்வேறு ஆய்வக அறிக்கைகளை ஒப்பிடுமுன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நோய் நன்றாகத் தெரிகிறது, எச்.வி.ஏ. மட்டும் இயல்பாக இருக்கிறது. எப்படி?

அறிகுறிகள் வெளியே தெரியும்போதே கருப்புத் திட்டுப் பகுதியில் டோபமைன் நரம்பணுக்களில் பெரும்பங்கு போயிருக்கும். மிச்சமிருக்கும் அணுக்கள் சும்மா இருப்பதில்லை. கூடுதலாகச் சுரந்து, கூடுதலாக உடைத்து ஈடுகட்டப் பார்க்கின்றன. டோபமைன் கையிருப்பு பாதாளத்தில் இருந்தாலும் புரளும் வேகம் அதிகம் என்பதால் கழிவு அவ்வளவாகக் குறையாது. மருந்து தொடங்காத ஆரம்ப நோயாளிகளிடம் எச்.வி.ஏ. ஏமாற்றுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இந்த வகையில் டோபாக் கொஞ்சம் மேல். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் டேவிட் கோல்ட்ஸ்டைன் குழு பல ஆண்டுகளாக டோபாக், நார்அட்ரினலினின் கழிவான டி.எச்.பி.ஜி. இரண்டையும் அளந்து வந்தது. பார்க்கின்சனிலும் எம்.எஸ்.ஏ. எனப்படும் பல்லமைப்புச் சிதைவு நோயிலும் டோபாக் குறைவதை அவர்கள் காட்டினார்கள். மோப்ப உணர்வு இழப்பு, தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கைகால் வீசுதல், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிதல், குடும்பப் பின்னணி போன்ற ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களைப் பின்தொடர்ந்தபோது, பிற்பாடு நோய் வந்தவர்களிடம் முன்கூட்டியே டோபாவும் (டோபமைனின் மூலப்பொருள்) டோபாக்கும் குறைந்திருந்தன என்று 2018-ல் வெளியிட்டார்கள். ஆள் எண்ணிக்கை சிறியது. ஆராய்ச்சிக்கு நல்ல தடயம்தான். இதை நம்பி ஆரோக்கியமான ஒருவர் முதுகைக் காட்ட வேண்டியதில்லை.

முதுகின் அடிப்பகுதியில் எடுக்கும் நீர் மூளையை எப்படிக் காட்டும்?

பாதிதான் காட்டும். பெரியவர் உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் நீர் சுமார் 150 மி.லி.; ஒரு நாளில் உற்பத்தியாவது சுமார் 500 மி.லி. மூளையின் அறைகளில் பிறந்து கீழே இறங்கும் வழியில், எச்.வி.ஏ., 5-எச்.ஐ.ஏ.ஏ. போன்ற அமிலங்களைக் கடத்திப் புரதங்கள் இரத்தத்துக்கு இறைத்து வெளியேற்றிக்கொண்டே வருகின்றன. அதனால் மேலே செறிவு அதிகம், கீழே குறைவு. எச்.வி.ஏ. பெரும்பாலும் மூளை அறையை ஒட்டிய காடேட் பகுதியிலிருந்து வருவது என்பதால் சரிவும் செங்குத்தாக இருக்கும். 5-எச்.ஐ.ஏ.ஏ.-வில் தண்டுவடத்தின் பங்கும் உண்டு. எம்.எச்.பி.ஜி. இரத்தத்துக்கும் நீருக்கும் இடையில் எளிதாகப் போய்வரும். மேலும் கீழும் அதிகம் வேறுபடாது, ஆனால் உடலின் பிற பாகங்களில் உண்டானதும் அதில் கலந்திருக்கும்.

நடைமுறையில் இதன் பொருள்: ஊசியிலிருந்து முதலில் சொட்டும் நீர் கீழ்ப்பகுதி நீர், போகப்போக மேலிருந்து இறங்கும் நீர் வரும். முதல் மில்லிலிட்டரையும் இருபதாவது மில்லிலிட்டரையும் தனித்தனியே அளந்தால் ஒரே ஆள், ஒரே ஊசி, ஆனால் இரண்டு வேறு எண்கள். உயரமானவருக்கு நீர் பயணிக்கும் தூரமும் அதிகம். எத்தனையாவது மில்லிலிட்டர் என்று குறிக்காத மாதிரியில் எச்.வி.ஏ. அளப்பது வீண் வேலை என்பது எங்கள் எண்ணம்.

அப்படியானால் எப்படி எடுக்க வேண்டும்?

காலை எட்டிலிருந்து பத்துக்குள், வெறும் வயிற்றில், இரவு முழுக்கப் படுத்திருந்தவரிடம் எடுப்பது வழக்கம். எந்த நேரம் என்பதைவிட எல்லோருக்கும் ஒரே நேரம் என்பதே முக்கியம். உட்கார்ந்து எடுத்தாரா, பக்கவாட்டில் படுத்து எடுத்தாரா என்பதையும் எழுதி வையுங்கள்.

இரண்டு இடுப்பெலும்புகளின் உச்சியையும் இணைத்துக் கோடு போட்டால் அது நான்காவது இடுப்பு முள்ளெலும்பை ஒட்டிப் போகும். அதற்கு மேல் இடைவெளியிலோ கீழ் இடைவெளியிலோ ஊசி. முதல் ஓரிரு மில்லிலிட்டர் செல் எண்ணிக்கை, குளுக்கோஸ், புரதத்துக்குப் போகட்டும். அதன்பின் வருவதை எண்ணிட்ட குழாய்களில் வரிசை மாறாமல் பிடிக்க வேண்டும். எந்த எண் குழாயில் எந்தப் பொருளை அளப்பது என்பது எல்லா நோயாளிகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்தமும் பிடித்து மெல்லக் கலக்கிப் பிறகு பங்கு பிரிக்கலாம். அப்போது எடுத்த மொத்த அளவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தாலும் சரி, பாதி ஆய்வில் மாற்றாதீர்கள்.

முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தால் கையெழுத்துப் போட மறுப்பவர்கள் நிறைய. தண்டுவடம் பெரியவர்களுக்கு முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே; அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் உண்டு. ஊசி பட்டால் காலில் சுரீரென்று மின்னல்போல் ஓடும். உடனே சொல்லுங்கள், ஊசியின் திசையை மாற்றுவார்கள். எடுத்த 10 - 15 மி.லி. நீர் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் திரும்பச் சுரந்துவிடும்.

உண்மையான தொல்லை தலைவலி. உட்கார்ந்தால், எழுந்தால் கூடும், படுத்தால் குறையும். நீர் எடுத்த துளை வழியே கசிவதால் வருவது. ஓரிரு நாளில் தொடங்கி, பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே அடங்கும். ஊசி முனையின் வடிவம் இதில் பெரிய வித்தியாசம் செய்கிறது. வெட்டும் முனைக்குப் பதிலாகப் பென்சில் முனை போன்ற ஊசியால் எடுத்தால் தலைவலி 11 சதவீதத்திலிருந்து சுமார் 4 சதவீதமாகக் குறைந்தது என்று 2018-ல் வந்த பெரிய தொகுப்பாய்வு சொன்னது. ஊசியை உருவும் முன் உள்கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு உருவ வேண்டும். மணிக்கணக்கில் மல்லாந்து படுக்கவைப்பதால் தலைவலி தடுக்கப்படுவதில்லை. ஆனாலும் பல வார்டுகளில் பழக்கம் போகவில்லை. தலைவலி விடவே இல்லையென்றால் அதே இடத்தில் நோயாளியின் சொந்த இரத்தம் 15 - 20 மி.லி. செலுத்தித் துளையை அடைப்பார்கள். பலருக்கு அன்றே நிவாரணம்.

காய்ச்சல், கழுத்து விறைப்பு, கால் பலவீனம், சிறுநீர் வராமல் அடைப்பது, பார்வை இரட்டையாகத் தெரிவது ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர், தட்டணுக்கள் மிகக் குறைந்தவர், மூளையில் கட்டியால் அழுத்தம் கூடியவர், ஊசி போடும் இடத்தில் புண் உள்ளவர் ஆகியோருக்கு இதைச் செய்யக் கூடாது, அல்லது ஏற்பாடு செய்துகொண்டு பின்னர் செய்ய வேண்டும்.

எந்த மருந்துகள் இந்த எண்களைக் கெடுக்கும்?

நோயை விட மருந்துதான் இந்த எண்களை அதிகம் அசைக்கிறது. பட்டியல் நீளம், அடிக்கடி வருபவற்றை மட்டும் பார்ப்போம்.

லீவோடோபா (சின்டோபா போன்ற பெயர்களில் வருவது) எடுத்தால் எச்.வி.ஏ. உயரும், கூடவே லீவோடோபாவிலிருந்து உண்டாகும் 3-ஓ-மெத்தில்டோபாவும் குவியும். லீவோடோபா இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்று, ஒன்றரை மணிநேரம் போதும். 3-ஓ-மெத்தில்டோபா பாதியாகச் சுமார் 15 மணிநேரம் ஆகும். ஆகவே முந்தைய இரவு மாத்திரையை நிறுத்திவிட்டால் "மருந்தில்லாத" மாதிரி கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அதற்காக நாட்கணக்கில் நிறுத்தவும் கூடாது. லீவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உடல் கட்டையாக விறைத்து, கடும் காய்ச்சலோடு உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். ஒரு சோதனைக்காக அந்த ஆபத்தைக் கூப்பிடுவது நியாயமில்லை. ஆராய்ச்சிகளில் 12 மணிநேர இடைவெளி விடுவார்கள், அதுவும் மருத்துவர் கண்காணிப்பில்.

பார்க்கின்சன் மருந்துகளான செலிஜிலின், ரசாஜிலின் எச்.வி.ஏ.-வைக் குறைக்கும். இவை எம்.ஏ.ஓ. நொதியை நிரந்தரமாக முடக்குபவை; மூளை புது நொதி செய்து ஈடுகட்ட வாரங்கள் ஆகும். நான்கு நாள் நிறுத்திவிட்டு வருவதில் பயனில்லை. சி.ஓ.எம்.டி. நொதியை அடைக்கும் என்டகபோன், டால்கபோன் 3-ஓ-மெத்தில்டோபாவைக் குறைக்கும். டால்கபோன் மூளைக்குள்ளும் போவதால் அங்கேயே எச்.வி.ஏ. உருவாவதையும் தடுக்கும்.

மனச்சோர்வு மாத்திரைகளில் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸடின் வகை 5-எச்.ஐ.ஏ.ஏ.-வைக் குறைக்கும். ஃப்ளூவாக்ஸடின் நிறுத்தியபின் உடலை விட்டு முழுதாக வெளியேற ஐந்து வாரம் வரை ஆகும். வெனலாஃபாக்சின், டுலாக்சடின் எம்.எச்.பி.ஜி.-யையும் இறக்கும். மனநோய் மருந்துகளும், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் டோபமைன் ஏற்பிகளை அடைப்பதால் நரம்பணுக்கள் மேலும் சுரக்கத் தூண்டப்பட்டு எச்.வி.ஏ. உயரும். அதே மெட்டோகுளோபிரமைடே பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளையும் கொண்டுவரும் என்பதால், விறைப்போடு வரும் முதியவரிடம் வாந்தி மாத்திரை பற்றிக் கேட்பது எந்தத் தண்டுவட நீர்ச் சோதனையையும் விட லாபமான கேள்வி.

கீல்வாதத்துக்குத் தரும் புரோபெனிசிட், அமிலங்களை இறைக்கும் கடத்திகளை அடைத்து எச்.வி.ஏ., 5-எச்.ஐ.ஏ.ஏ. இரண்டையும் ஏற்றிவிடும். இந்தக் குணத்தையே பயன்படுத்தி, 1970-களில் வேண்டுமென்றே புரோபெனிசிட் கொடுத்து எவ்வளவு வேகத்தில் கழிவு சேர்கிறது என்று பார்த்தார்கள். வயிற்றுக் குமட்டல் தாங்காமல் அந்த முறை வழக்கொழிந்தது என்று சொன்னால் அதிகம் மிகையாகாது.

நாட்டு மருந்து மட்டும்தான் சாப்பிடுகிறார். அது பரவாயில்லையா?

பூனைக்காலி விதைப் பொடியா என்று கேளுங்கள். நடுக்குவாதத்துக்குச் சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் கொடுக்கும் அந்த விதையில் இயற்கையாகவே லீவோடோபா இருக்கிறது, எடையில் சில சதவீதம். ஒரு தேக்கரண்டிப் பொடியில் ஒரு மாத்திரைக்குச் சமமான லீவோடோபா இருக்கலாம். "அலோபதி எதுவும் இல்லை" என்று படிவத்தில் எழுதிவிட்டுப் போனவரின் எச்.வி.ஏ.-வும் 3-ஓ-மெத்தில்டோபாவும் எகிறி நிற்பதற்கு இது ஒரு காரணம். சாப்பிடுவதில் தவறில்லை, ஆனால் மருத்துவருக்குத் தெரிய வேண்டும், ஆங்கில மருந்தின் அளவும் அதைப் பொறுத்தது.

வாழைப்பழம், தக்காளி விலக்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். அது சிறுநீரில் 5-எச்.ஐ.ஏ.ஏ. பார்க்கும் சோதனைக்கான பத்தியம். பழத்தில் உள்ள செரோடோனினும் டோபமைனும் இரத்த-மூளைத் தடையைத் தாண்டாது.

மாதிரி கெட்டுப்போவது எங்கே?

பெரும்பாலும் நோயாளியின் கட்டிலுக்கும் ஃப்ரீசருக்கும் நடுவில்.

எச்.வி.ஏ.-வும் 5-எச்.ஐ.ஏ.ஏ.-வும் ஓரளவு தாங்கும். டோபமைன், டோபாக் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். டோபமைன் தயாரிப்புக்குத் தேவையான டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்ற துணைப்பொருளையும் சேர்த்து அளப்பதானால் நிமிடங்கள்கூடக் கணக்கு. அதற்கான குழாயில் முன்பே டைதயோஎரித்ரிட்டாலும் டி.டி.பி.ஏ.-வும் போட்டு வைத்திருக்க வேண்டும். கட்டில் பக்கத்திலேயே பனிக்கட்டி, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள், உடனே உறைய வைத்தல், மைனஸ் 80 டிகிரி. அனுப்புவது உலர்பனியில். வீட்டு ஃப்ரிட்ஜ் போலத் தானே பனி உருக்கிக்கொள்ளும் வகை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. அது அவ்வப்போது சூடேறி இறங்கும், மாதிரி பல தடவை பாதி உருகி உறையும். அரை மில்லிலிட்டர் அளவில் பங்கு பிரித்து வைத்தால் ஒவ்வொன்றையும் ஒரே தடவை உருக்கினால் போதும்.

இரத்தம் கலந்தால்? இளஞ்சிவப்பாக இருந்தால் உடனே சுழற்றி, மேல்நீரை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றிப் பிறகு உறைய வையுங்கள். சுழற்றாமல் உறைய வைத்தால் சிவப்பணுக்கள் வெடித்து ஹீமோகுளோபின் வெளியே வரும், அது இருப்பதையெல்லாம் ஆக்சிஜனேற்றிவிடும். அப்புறம் எதையும் மீட்க முடியாது.

அதே நீரில் அல்சைமருக்காக அமைலாய்டு புரதமும் பார்ப்பதாக இருந்தால் பாலிபுரோப்பிலீன் குழாய் தேவை. கண்ணாடி, பாலிஸ்டைரீன் சுவர்களில் அமைலாய்டு-பீட்டா 42 ஒட்டிக்கொண்டு அளவு பொய்யாகக் குறையும். அல்சைமர் இல்லாதவருக்கு அல்சைமர் போலக் காட்டும்.

கருவிப் பக்கம் ஒரு எச்சரிக்கை. எலெக்ட்ரோகெமிக்கல் டிடெக்டர் வைத்த எச்.பி.எல்.சி. (பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) இன்னும் பல இடங்களில் ஓடுகிறது. மின்வாயில் ஆக்சிஜனேற்றம் அடையும் எதுவும் அதில் உச்சியாகத் தெரியும், பாராசிட்டமாலும் அப்படித்தான். காலையில் தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவரின் வரைபடத்தில் பெரிய உச்சி ஒன்று நின்று, பக்கத்து உச்சிகளை விழுங்கலாம். சந்தேகமிருந்தால் நிறை நிறமாலைக் கருவியில் உறுதி செய்வதே வழி.

அல்சைமரில் அசிட்டைல்கோலின் குறைகிறது என்கிறார்கள். அதை அளக்கலாமே?

1970-களின் நடுவில் அல்சைமர் நோயாளிகளின் மூளைப் புறணியில் அசிட்டைல்கோலினைச் செய்யும் நொதி வெகுவாகக் குறைந்திருப்பதை பிரிட்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். டோனெபெசில் வகை மருந்துகளின் வேர் அதுதான். ஆனால் தண்டுவட நீரில் அசிட்டைல்கோலின் தங்குவதில்லை, அங்கேயே இருக்கும் எஸ்டரேஸ் நொதி அதை உடைத்துத் தள்ளுகிறது. தடுப்புப் பொருள் சேர்த்துப் பிடித்தாலும் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. அந்த எஸ்டரேஸ் நொதியையே அளக்கலாம் என்றால், டோனெபெசில் எடுப்பவர்களின் நீரில் அந்த நொதிப் புரதம் கூடுகிறது. அதே வகை மருந்தான ரிவாஸ்டிக்மினில் அதன் செயல்பாடு குறைகிறது.

நார்அட்ரினலின் இன்னும் விசித்திரம். அல்சைமரில் அதைச் சுரக்கும் நீலத்திட்டு அணுக்கள் அழிகின்றன. ஆனால் நோய் முற்றியவர்களின் நீரில் நார்அட்ரினலின் குறையாமலும், சில ஆய்வுகளில் கூடியும் இருக்கிறது. எஞ்சிய அணுக்களின் மிகை உழைப்பே காரணமாக இருக்கலாம்.

ஏ.எல்.எஸ். நோயில் குளூட்டமேட் கூடுகிறதா?

ஏ.எல்.எஸ். என்பது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் நோய்; குளூட்டமேட் நரம்பணுக்களைத் தூண்டும் கடத்தி. 1990-ல் ஜெஃப்ரி ராத்ஸ்டைன் குழு ஏ.எல்.எஸ். நோயாளிகளின் நீரில் குளூட்டமேட் கூடியிருப்பதாக வெளியிட்டது. அளவுக்கு மீறிய குளூட்டமேட் இயக்க நரம்பணுவை நச்சாக்கிக் கொல்கிறது என்ற கருத்துக்கு அது வலு சேர்த்தது. குளூட்டமேட் வெளியீட்டைக் குறைக்கும் ரிலுசோல் 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சோதனைகளில் அது ஆயுளைச் சராசரியாக இரண்டு மூன்று மாதம் நீட்டியது. பிந்தைய ஆய்வுகளில் குளூட்டமேட் எல்லோரிடமும் கூடவில்லை. ஒரு பகுதி நோயாளிகளிடம் மட்டுமே கூடியிருந்தது, சில ஆய்வுகளில் வித்தியாசமே இல்லை.

இந்த முரணில் ஒரு பங்கு ஆய்வக மேசையில் பிறந்திருக்கக்கூடும். கணக்கைப் பாருங்கள்: தண்டுவட நீரில் குளூட்டமின் லிட்டருக்குச் சுமார் 500 மைக்ரோமோல், குளூட்டமேட் ஒற்றை இலக்கத்தில்தான். புரதம் நீக்கச் சேர்த்த அமிலத்தோடு மாதிரி சூட்டில் நின்றால் குளூட்டமின் சிதைந்து குளூட்டமேட் ஆகும். வெறும் ஒரு சதவீதம் சிதைந்தால்கூட 5 மைக்ரோமோல் குளூட்டமேட் புதிதாகப் பிறந்துவிடும். நோயாளிக்கும் மற்றவருக்கும் இருப்பதாகச் சொல்லும் வித்தியாசமே அந்த அளவுதான். நோயாளிகளின் மாதிரிகள் பத்தாண்டு ஃப்ரீசரில் இருந்து, ஒப்பீட்டுக்கான மாதிரிகள் போன மாதம் எடுத்ததாக இருந்தால் அந்த முடிவை நம்ப வேண்டாம்.

ரிலுசோல் கொடுக்க வேண்டுமா என்பதைக் குளூட்டமேட் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. இன்று இந்த நோயில் நீரிலும் இரத்தத்திலும் பார்க்கும் பயனுள்ள பொருள், நரம்பணு சிதையும்போது வெளியேறும் நியூரோஃபிலமென்ட் புரதம்.

ஹண்டிங்டன் நோயில் காபா?

காபா நரம்பணுக்களை அடக்கும் கடத்தி. அது மூளைத் திசுவில் குறைவு என்பது 1973-லேயே தெரியும். நீரில் அளப்பதுதான் சிக்கல். தனிக் காபா மிகக் குறைவு; அதைவிடப் பல மடங்கு ஹோமோகார்னோசின் போன்ற சேர்மங்களில் கட்டுண்டு கிடக்கிறது. குழாய் அறை வெப்பத்தில் நின்றால் கட்டு அவிழ்ந்து காபா ஏறிக்கொண்டே போகும். நோயைக் கண்டறிய மரபணுச் சோதனை இருக்கும்போது இதன் தேவை ஆராய்ச்சிக்கு மட்டுமே.

எந்த நோயில்தான் இந்தச் சோதனை உண்மையில் கைகொடுக்கிறது?

குழந்தைகளின் பிறவி நொதிக் குறைபாடுகளில். டோபாவை டோபமைனாக்கும் நொதியான ஏ.ஏ.டி.சி.-யின் குறைபாட்டில் எச்.வி.ஏ., 5-எச்.ஐ.ஏ.ஏ. இரண்டும் அடிமட்டத்தில், 3-ஓ-மெத்தில்டோபா உச்சத்தில். இந்த வடிவத்தைப் பார்த்தாலே பாதி விடை தெரியும். டோபாவை உண்டாக்கும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதியின் குறைபாட்டில் எச்.வி.ஏ. மட்டும் விழும், 5-எச்.ஐ.ஏ.ஏ. நிற்கும். காலையில் நன்றாக நடந்து மாலையில் கால் முறுக்கிக்கொள்ளும் செகாவா நோயில் பயோப்டெரின், நியோப்டெரின் இரண்டும் குறையும். அந்தக் குழந்தைகள் சிறு அளவு லீவோடோபாவில் எழுந்து நடப்பார்கள். ஏ.ஏ.டி.சி. குறைபாட்டுக்கு மூளைக்குள் நேரடியாகச் செலுத்தும் மரபணுச் சிகிச்சைக்கு ஐரோப்பாவில் 2022-லும் அமெரிக்காவில் 2024-லும் அனுமதி கிடைத்தது. பெருமூளை வாதம் என்று பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் பிசியோதெரபிக்கு அனுப்பப்படும் குழந்தைகளில் இவர்கள் ஒளிந்திருப்பதுண்டு. கண்கள் மேலே செருகும் தாக்கங்கள், நாளுக்குள் ஏறி இறங்கும் அறிகுறிகள், ஸ்கேன் இயல்பு என்றால் கேட்டுப் பாருங்கள்.

இரத்தத்தில், சிறுநீரில் "நரம்புக் கடத்தி பேக்கேஜ்" என்று விற்கிறார்களே?

காசை வீணாக்காதீர்கள். உடலின் செரோடோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில் இருக்கிறது, இரத்த எச்.வி.ஏ.-விலும் மூளைக்கு வெளியே உண்டானது நிறைய. மூளையில் என்ன நடக்கிறது என்று அந்த எண்கள் சொல்லாது. அட்ரினல் கட்டி, கார்சினாய்டு கட்டிகளைத் தேடும் சிறுநீர்ச் சோதனைகள் வேறு, அவை உண்மையானவை.

அப்பாவுக்கு நீர் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். நரம்புக் கடத்திக்காக இல்லையென்றால் எதற்கு?

மறதி நோயில் அமைலாய்டு-பீட்டா 42/40 விகிதம், டௌ, பாஸ்போ டௌ புரதங்கள் பார்க்க. பார்க்கின்சன், லூயி உடல் மறதி நோய்களில் தவறாக மடிந்த ஆல்ஃபா-சைனுக்ளீனைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு. 2023-ல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வில் அது பார்க்கின்சன் நோயாளிகளில் சுமார் 88 சதவீதம் பேரைச் சரியாகப் பிடித்தது, ஆரோக்கியமானவர்களில் 96 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. எச்.வி.ஏ. எந்தக் காலத்திலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நடை தடுமாற்றம், சிறுநீர் கட்டுப்படாமை, மந்தம் மூன்றும் சேர்ந்து வந்தால் 30 - 50 மி.லி. நீரை எடுத்துவிட்டு நடை தேறுகிறதா என்று பார்ப்பார்கள். அது மூளையில் நீர் தேங்கும் நோய்க்கான சோதனை, தேறினால் அறுவை சிகிச்சைக்கு வழி. தொற்று, தன்னெதிர்ப்பு மூளை அழற்சி ஆகியவற்றை விலக்கவும் எடுப்பார்கள். எந்தக் காரணம் என்று நேராகக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

டோபமைன் நரம்பு முனைகள் குறைந்திருக்கின்றனவா என்பதுதான் கேள்வி என்றால் முதுகில் ஊசியே வேண்டாம். டாட் ஸ்கேன், அதன் டெக்னீஷியம் வகையான ட்ரோடாட் ஸ்கேன் அதைப் படமாகவே காட்டும். பிரிக்க வேண்டியது பார்க்கின்சனையா எம்.எஸ்.ஏ.-வையா என்றால் அந்தப் படமும் உதவாது. இரண்டிலும் முனைகள் குறையும்.

எச்.வி.ஏ. குறைவு என்று அறிக்கை வந்துவிட்டது. லீவோடோபா அளவைக் கூட்டலாமா?

அறிக்கையை வைத்துக் கூட்ட வேண்டாம். அளவு முடிவாவது நோயாளியின் நாளை வைத்து: மாத்திரை போட்ட எத்தனை நிமிடத்தில் உடல் விறைப்பு தளர்கிறது, எத்தனை மணிநேரம் நீடிக்கிறது, உச்சத்தில் தானாக ஆட்டம் வருகிறதா, சாப்பாட்டோடு போட்டால் பலன் தள்ளிப்போகிறதா. மூன்று நாள் இதை மணிவாரியாக ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள். மாத்திரையின் பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி அட்டையையும் கொண்டுபோங்கள்.